வேலை போனதற்குச் சான்று

கொடி மாறிய நாளில் காரைக்கால் கடைத்தெருவில் மாவிலைத் தோரணம் கட்டியவர்களில் நானும் ஒருவன். ஏணியில் ஏறி நின்று கட்டினேன். நாற்பதைத் தாண்டிய குடும்பஸ்தன் ஏணி ஏறுகிறானே என்று கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். பூவத்தில் பஸ்ஸை நிறுத்தி மூட்டை முடிச்சுகளைக் கிளறும் சுங்கச் சோதனையும் போய்விடும். என் மனைவி மாயவரத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டு போய்ப் புதுப்புடவையோடு திரும்பி வரலாம், அது எங்கே வாங்கியது என்று யாரும் கேட்கமாட்டார்கள். இந்தச் சந்தோஷத்தில் ஒன்றை நான் யோசிக்கவில்லை. என் சம்பளமே அந்தச் சுங்க எல்லையை நம்பித்தான் இருந்தது.

நான் வேலை பார்த்தது ஒரு மரைக்காயர் குடும்பத்தின் இறக்குமதிக் கடையில். துணி, நூல்கண்டு, கடிகாரம், குடை, அத்தர் என்று கப்பலில் வரும் சரக்கு எல்லாம் அங்கே இறங்கும். எங்கள் துறைமுகத்தில் வரி சொற்பம் என்பதால் வந்த வியாபாரம் அது. சரக்கு இறங்கியதும் சுங்க அதிகாரிக்குப் பிரெஞ்சில் விவரம் எழுதுவதும், மார்செய்யிலும் சைகோனிலும் இருந்த பிரெஞ்சுக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதுவதும் என் வேலை. விழிதியூரில் நிலத்தை உழுதுகொண்டிருந்த குடும்பத்திலிருந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கடைத்தெருவில் எனக்குப் பெயர் ‘முசியே’. வெள்ளைக்காரத் துரையைக் கூப்பிடும் அந்தச் சொல்லால் என்னைக் கூப்பிடுவார்கள். பாதி மரியாதை, பாதி கேலி. எனக்கு இரண்டும் பிடித்திருந்தது.

புதிய ஆட்சியில் எல்லா ஊருக்கும் ஒரே வரி என்று ஆனதும் சரக்கு நின்றது. நூல்கண்டுக்காக மார்செய்க்கு எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போயிற்று. நான் தினமும் கடைக்குப் போய் மேசையைத் துடைத்து, பேனாவில் மை நிரப்பி, உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு நாள் முதலாளி தன் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார்.

அந்த வீட்டு வழக்கம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவருடைய பாட்டன் காலத்திலிருந்தே யாரையும் ‘இனிமேல் வராதே’ என்று சொன்னதில்லை. ஆள் வேண்டாம் என்றால் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவார்கள். முதலாளியே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். எழுந்ததும் கரைவேட்டியும் துண்டும் தட்டில் வைத்துக் கொடுத்து, மணிக்கட்டில் அத்தர் தடவி விடுவார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. மறுநாள் யாரும் கடைக்குப் போகமாட்டார்கள்.

எனக்கும் நெய்ச்சோறும் கறி ஆணம் என்ற குழம்பும் வட்டலப்பம் என்ற இனிப்பும் போட்டார்கள். முதலாளி என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். ஆணத்தைத் தானே எடுத்து என் இலையில் ஊற்றினார். “பிள்ளைங்க நல்லா இருக்கணும் தம்பி” என்றார். கை கழுவியதும் வேட்டியைத் தட்டில் வைத்துக் கொடுத்து அத்தர் தடவினார். நான் வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர் டீக்கடை வாசலில் நின்றிருந்தார். அவர்தான் கேட்டார்.

“என்ன முசியே, விருந்து பலமோ?”

“பலந்தாங்க.”

“அத்தர் வாசன இங்க வரைக்கும் வருது. எங்களுக்கெல்லாம் அதுகூடக் கெடையாது. கப்பல் வரல, நாங்க போகல. முடிஞ்சு போச்சு.”

வீட்டில் என் மனைவி வேட்டியைப் பார்த்தாள். “வாங்கிட்டு வந்துட்டீங்களா?” என்றாள். என் கையிலிருந்து வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அப்புறம் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

எங்கள் மூத்த மகளுக்கு அந்த வருஷம்தான் புதுச்சேரியில் ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருஷம் விடுதியில் தங்க வேண்டும். எங்கள் இரண்டு குடும்பங்களிலும் பெண் என்ன, ஆண்கூட அவ்வளவு தூரம் படிக்கப் போனதில்லை. விடுதிக்குக் கட்ட வேண்டிய பணத்தை என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். இப்போது சம்பளம் இல்லை. நான் அவள் எதிரே வருவதையே குறைத்துக்கொண்டேன். அவள் சாப்பிட்டு எழுந்த பிறகே சாப்பிட உட்கார்ந்தேன்.  

துறைமுக வியாபாரம் நின்று வேலை இழந்தவர்களுக்குப் புதிய நிர்வாகம் கொஞ்ச காலம் மாத உதவித்தொகை தரப்போகிறது என்ற செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் மகள்தான். விண்ணப்பத் தாளையும் அவளே வாங்கி வந்திருந்தாள்.

“வேலை செய்யாம சர்க்கார்கிட்டப் போயி கைநீட்டறதாம்மா?” என்றேன்.

“வேலை செஞ்சவங்களுக்குத்தாம்ப்பா தர்றாங்க. செய்யாதவங்களுக்குத் தரல. வரிசைல நின்னு கேக்கறதுல என்ன இருக்கு?”

“வரிசைல மேஸ்திரி நிப்பாரு. கேலி பண்ணுவாரு.”

“அவருந்தானப்பா வாங்க நிக்கிறாரு!”

என் மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள். வேட்டி வாங்கி வந்த பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரிப்பைக் கேட்டேன்.

நகரசபைக் கட்டடத்தை எங்கள் ஊரில் இன்னமும் ‘மேரி’ என்றுதான் சொல்கிறோம். அதன் பின்பக்க அறையில் மனு வாங்கினார்கள். நான் பயந்தது போலவே எனக்குப் பின்னால் மேஸ்திரி நின்றார். முன்னால் நின்ற மூட்டை தூக்குகிறவர்களுக்கெல்லாம் துறைமுகப் பதிவில் பெயர் இருந்ததால் சீக்கிரம் முடிந்தது. என் முறை வந்தது. அதிகாரி சென்னைப் பக்கத்துக்காரர், இளைஞர், மரியாதையாகப் பேசினார்.

“வேலையிலிருந்து நீக்கிய கடிதம் வச்சிருக்கீங்களா சார்?”

“கடிதமெல்லாம் கொடுக்கமாட்டாங்க.”

“வாயால சொன்னாங்களா? என்னைக்கு?”

“சொல்லவும் இல்லைங்க. வேட்டி கொடுத்தாங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “வேட்டி கொடுத்தாங்க?”

“சாப்பாடு போட்டு, வேட்டி கொடுத்து, அத்தர் தடவினாங்க.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி அதிகாரியைப் பார்த்து, “ஐயா, எங்க ஊருல இதான் சீட்டுக் கிழிக்கிற மொற. கிழிச்சதே தெரியாது” என்றார்.

அதிகாரி சிரிக்கவில்லை. அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. “சார், உங்களுக்குக் கல்யாணமான மாதிரி இருக்கு, வேலை போன மாதிரி இல்லை. நான் மேலே என்ன எழுதி அனுப்புவேன்? அந்தக் கடையைத் தினமும் பார்த்துக்கிட்டுத்தான் வர்றேன். திறந்திருக்கு. முதலாளி உட்கார்ந்திருக்கார். கடை நடக்குது, உங்களை யாரும் நீக்கலை. நாளைக்கே நீங்க போய் உட்காரலாமே?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கடை திறந்திருந்தது உண்மை. உள்ளே ஒன்றுமே இல்லை என்பதும் உண்மை. முதலாளி காலையில் கதவைத் திறந்து, தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவருக்கு சலாம் சொல்லி, சாயங்காலம் பூட்டிவிட்டுப் போனார். பின்னால் இருந்த கிடங்கில் காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. சரக்கு வரும் என்று ஊர் நம்பும் வரைக்கும் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் கேட்டு வரமாட்டார்கள். இது எனக்கும், சரக்குக் கட்டிய இன்னும் இரண்டொரு பேருக்கும் மட்டும் தெரியும். ‘கடை வெறும் கடைங்க’ என்று நான் அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மகள் புதுச்சேரிக்குப் போவாள். வரிசையில் இருபது காதுகள் இருந்தன. மதியத்துக்குள் விஷயம் கோட்டுச்சேரி வரை போயிருக்கும்.

நான் சொல்லவில்லை. “கடிதம் வாங்கிட்டு வர்றேங்க” என்றேன்.

“வெள்ளிக்கிழமை கடைசி சார். அதுக்கப்புறம் நான் நினைச்சாலும் வாங்க முடியாது.”

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் மனைவிக்குக் கோபம். “அவர் கடை மானத்துக்கு எம்பொண்ணு படிப்பா?” என்று கேட்டாள். அதில் தப்பில்லை. மகள் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, “சொல்லாம வந்தது சரிதாம்ப்பா. சொல்லிட்டு வந்து அந்தக் காசுல என்னை அனுப்பியிருந்தா நான் எப்படிப் படிப்பேன்? கடிதம் கேட்டுப் பாருங்க” என்றாள். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது.  பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பயத்துக்குள் ஒரு நெஞ்சு நிமிர்வு வந்தது.

வியாழக்கிழமை முதலாளியைப் பார்க்கக் கடைக்குப் போனேன். வேட்டி வாங்கியவன் அந்த வாசலை மிதிப்பது வழக்கமில்லை. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. “வாங்க தம்பி, வாங்க” என்று எழுந்தார். டீ வரவழைத்தார். மனைவியைக் கேட்டார், என் சின்ன மகனின் இருமலைக் கேட்டார், மகள் எப்போது கிளம்புகிறாள் என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான் விஷயத்தைச் சொன்னேன். கடை நடக்கிறதே என்று அதிகாரி கேட்டதை மட்டும் விட்டுவிட்டேன்.

“நீக்கிட்டேன்னு எழுதித் தரணுமா?”

“ஒரு வரி போதும் முதலாளி.”

“எங்க வாப்பா எழுதல. வாப்பாவோட வாப்பா எழுதல. கையாடுனவனக்கூட வேட்டி குடுத்துத்தான் அனுப்பியிருக்கு இந்த வீடு. இருபது வருஷம் எனக்குக் கடுதாசி எழுதுன உங்கள நான் நீக்குனேன்னு எழுதி, அத இன்னொருத்தர் கையில குடுக்கவா?” குரல் உயர்ந்தது. பிறகு தானே தாழ்ந்தது. “அவங்க எவ்வளவு தருவாங்க? சொல்லுங்க. மாசாமாசம் நான் வீட்டுக்கு அனுப்பிடறேன். உங்க மக எம்மக மாதிரி.”

அவர் அனுப்பியிருப்பார். அவருடைய மனைவியின் கழுத்தில் கிடப்பதைக் கழற்றியாவது அனுப்பியிருப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“நீங்க தந்தா அது தர்மம் முதலாளி. சர்க்கார் தர்றது எனக்கு வேலை போனதுக்குச் சேர வேண்டியது. எம்பொண்ணு சேர வேண்டியதுல படிக்கட்டும்.”

இருபது வருஷத்தில் அவரிடம் நான் மறுத்துச் சொன்ன முதல் பேச்சு அது. அவர் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.  

வெள்ளிக்கிழமை நான் ஏன் மேரிக்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. கையில் கடிதம் இல்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி தன் ஆட்களில் ஒருவரைக் கைநாட்டு வைக்கக் கூட்டி வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“முசியே, நேத்து ராத்திரி பள்ளிவாசல் தெருப்பக்கம் ஒங்க முதலாளியப் பாத்தேன். அதிகாரி கேட்டத அப்படியே சொல்லிட்டேன். கட தெறந்திருக்கேன்னு அவரு கேட்டாரு, ஒங்க ஆளு வாயே தெறக்கலன்னேன்.”

“ஏங்க சொன்னீங்க? அவர்கிட்ட அத நான் மறைச்சேன்.”

“எனக்கு எப்படித் தெரியும் நீங்க மறைச்சது? நீங்க ஒருத்தரு வாயத் தெறக்கலன்னா ஊரே தெறக்கக்கூடாதா?” என்றார் மேஸ்திரி. பிறகு குரலைத் தணித்து, “கிடங்கு காலின்னு எங்களுக்கும் தெரியுங்க. மூட்ட தூக்குறவனுக்குத் தெரியாம எந்தக் கிடங்கு நெறையும்?” என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். நான் ஒருவன்தான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருந்ததைத் துறைமுகமே சேர்ந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஜும்மாவுக்குக் கொஞ்சம் முன்னால் முதலாளி வந்தார். தொழுகைக்குப் போகும் வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, கையில் குடை. அந்த மனிதர் எந்த அலுவலகத்துக்கும் தானாகப் போனவர் இல்லை. பிரெஞ்சு அதிகாரிகள்கூட அவர் கடைக்கு வந்துதான் பேசுவார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

அதிகாரி நாற்காலி காட்டினார். அவர் உட்காரவில்லை.

“இவரப் பத்திச் சொல்ல வந்தேன்.”

“வாங்க. இவரை நீங்க வேலையிலிருந்து நீக்கிட்டீங்களா?”

“நீக்கல.”

 அதிகாரி என்னைப் பார்த்தார்.

“நீக்குறதுக்கு அங்க வேல இருக்கணும்ல?” என்றார் முதலாளி. “வேலையே இல்ல. கடையே இல்லைங்க. கதவத் தெறந்து வச்சிக்கிட்டு நான் உக்காந்திருக்கேன். உள்ள பெட்டிதான் இருக்கு, பெட்டிக்குள்ள ஒண்ணும் இல்ல. எழுதிக்குங்க. கடைய மூடியாச்சு. மூடுனவன் நான். இவரு வேலையில ஒரு குத்தமும் கெடையாது.”

சத்தமாகத்தான் சொன்னார். வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அதிகாரி எழுதினார். ‘வேலை இழந்த காரணம்’ என்ற இடத்தில் ‘நிறுவனம் மூடப்பட்டது’ என்று எழுதித் தாளைத் திருப்பினார். முதலாளி அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் தன் கையெழுத்தைப் போட்டார். அதற்குக் கீழே நான் போட்டேன்.  

“அப்போ அந்தக் கதவு?” என்று அதிகாரி தயங்கிக் கேட்டார்.

“தொழுதுட்டுப் போயி சாத்திடறேன்” என்றார் முதலாளி.

வெளியே வந்து குடையை விரித்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். “தர்மம்னு சொல்லிட்டீங்கள்ல தம்பி? இது தர்மம் இல்ல. உள்ளத உள்ளபடி சொன்னேன், அவ்வளவுதான்.” அதற்குள் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். வேகமாக நடந்துபோய்விட்டார்.

அன்று சாயங்காலமே கடன் கொடுத்தவர்கள் முதலாளியைத் தேடி வர ஆரம்பித்தார்கள். மறுநாள் இன்னும் அதிகம் வந்தார்கள். நாகூரிலிருந்து ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். முதலாளி யாருக்கும் ஒளியவில்லை. வீட்டை விற்றுத் தீர்ப்பேன், அவகாசம் கொடுங்கள் என்றார். சத்தம் போட்டவர்கள் உண்டு. ‘நீங்களே சொல்லிட்டீங்க, அது போதும்’ என்று திரும்பிப் போனவர்களும் உண்டு.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மகள் சந்தோஷப்படவில்லை. “அவருக்கு இனிமே என்னப்பா?” என்று கேட்டாள்.  என் மனைவிதான் சொன்னாள். “கடைய மூடணும்னா அந்த வெள்ளக்காரக் கம்பெனிங்களுக்கெல்லாம் கடுதாசி போடணுமில்ல? அவருக்கு யாரு எழுதுவா? போங்க.”

திங்கட்கிழமை காலையில் போனேன். முதலாளி தடுக்கவில்லை, சாத்திய கடையைத் திறந்துவிட்டார். பழைய மேசையில் உட்கார்ந்து மார்செய்க்கும் சைகோனுக்கும் எழுதினேன். எங்களுக்கு வர வேண்டியது இது, நாங்கள் தர வேண்டியது இது, இத்தனை காலம் எங்களோடு நாணயமாக வியாபாரம் செய்ததற்கு நன்றி என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் கற்ற பிரெஞ்சையெல்லாம் அதில் கொட்டினேன். ஒரு அடித்தல் இல்லை. சம்பளம் வாங்கிய காலத்தில்கூட அப்படி நான் எழுதியதில்லை.

மனசாட்சி உறுத்தியதால் மேரிக்குப் போய் அதிகாரியிடம், “சம்பளம் இல்லாமதாங்க எழுதித் தர்றேன். அதையும் மனுவுல எழுதணுங்களா?” என்று கேட்டேன்.

அவர் அன்றைக்குத்தான் என் முன்னால் சிரித்தார். “சார், அதை என்கிட்ட சொல்லவே சொல்லாதீங்க” என்றார்.

உதவித்தொகை வந்தது. பெரிய தொகை இல்லை. விடுதிக்குச் சரியாக இருந்தது, வீட்டுக்கு இல்லை. வீட்டுக்காக நான் கோட்டுச்சேரியில் பிள்ளைகளுக்குக் கணக்கும் பிரெஞ்சும் சொல்லிக்கொடுக்கப் போனேன். அந்தத் தொகை எத்தனை மாதம் வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மாதமும் தபால்காரர் வரும் வரை நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். இப்போது மகள் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நான் இன்னும் நடக்கிறேன்.

அவள் கிளம்பிய அன்று பஸ் நிற்கும் இடத்துக்கு முதலாளி வந்திருந்தார். வீட்டை விற்று உறவினர் வீட்டுக்கு அவர்கள் குடிபோகும் வாரம் அது. மகள் அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் சட்டென்று பின்வாங்கினார். “அல்லாவுக்கு மட்டுந்தாம்மா தல குனியணும். நீ நிமிந்து போ” என்றார். பக்கத்தில் மூட்டையோடு நின்ற ஒரு கிழவி, “யாருங்க இந்தப் பொண்ணு?” என்று அவரைக் கேட்டாள்.

“எங்க கடையில கடுதாசி எழுதுறவரு மக. வாத்தியாரம்மாவுக்குப் படிக்கப் போவுது” என்றார் அவர்.

கடை மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் சொன்னதை நான் திருத்தவில்லை. மகளும் திருத்தவில்லை. அவள் பஸ்ஸில் ஏறி, இடம் பிடித்து, ஜன்னல் வழியாக எங்கள் இருவரையும் பார்த்தாள். நானும் அவரும் பக்கம் பக்கமாக நின்றிருந்தோம்.